மூன்றே நாளில் மறையும் பரு

நெல்லைச் சீமையில் பருவுக்கான முதல் வைத்தியம் பெரும்பாலும் மெடிக்கல் கடையில்தான் தொடங்குகிறது. வண்ணார்பேட்டையோ அம்பாசமுத்திரமோ ஸ்ரீவைகுண்டமோ, “அண்ணாச்சி, பருவுக்கு ஒரு ட்யூப் தாங்க” என்றால் ட்யூப் வந்துவிடும். அது வேலையும் செய்யும். மூன்றாம் நாள் சிவப்பு அடங்கும், வீக்கம் வற்றும், முகம் ஒரு சுற்று வெளுத்தாற்போலத் தெரியும். பாளையங்கோட்டை கல்லூரிகளும் விடுதிகளும் நிறைந்த ஊர். ஒரு ட்யூபின் பெயர் அறைக்கு அறை பரவ அங்கே விளம்பரம் தேவையில்லை. மாதங்கள் கழித்து ‘எந்த மருந்துக்கும் அடங்காத பரு’ என்று தோல் மருத்துவரிடம் வந்து நிற்கும் முகங்களில் ஒரு பகுதியின் கதை அந்தக் கடைவாசலில் ஆரம்பித்ததுதான்.

அந்த ட்யூபுக்குள் பல சமயம் இருப்பது ஸ்டீராய்டு. அது அழற்சியை அடக்கும், தோலின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்கும். அதனால் சிவப்பு மறைகிறது, நிறமும் சற்றுக் குறைகிறது. கரப்பானுக்கும் சொரியாசிஸுக்கும் அளவோடு கொடுத்தால் அருமையான மருந்து. அதையே முகத்தில் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், கன்னத்தில் சிவப்பு இழைகளாக ரத்தக்குழாய்கள் தெரியும், தாடையோரம் பூனைமுடி அடரும். அதோடு, ஒரே அளவில் ஒரே சாயலில் புதுப் பருக்கள் கூட்டமாகக் கிளம்பும். நிறுத்தினால் முகம் எரியும். எரிச்சல் பொறுக்காமல் மறுபடி அதே ட்யூப்.

இது ஊர்ப்பேச்சாக மட்டும் உள்ள விஷயமில்லை. அபீர் சரஸ்வத்தும் அவருடைய சக மருத்துவர்களும் இந்தியாவின் பல மையங்களில் நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வில், முகத்தில் தோல் நோயோடு வந்த 2,926 பேரைப் பரிசோதித்தார்கள். 433 பேர் ஸ்டீராய்டு களிம்பு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் பூசியது பருவுக்காக. இன்னும் அதிகமானோர் நிறம் கூட்டும் கிரீமாகவோ சவரத்துக்குப் பின் தடவும் களிம்பாகவோ பூசினார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் மருத்துவரே அல்ல. பத்தில் ஒன்பது பேருக்குப் பக்கவிளைவு இருந்தது. அவற்றுள் முதலிடம் பருவுக்குத்தான். பருவுக்கென்று பூசிய மருந்தே பருவைக் கொண்டுவருகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இந்திய தோல் மருத்துவர்கள் சங்கம் பல ஆண்டுகள் முட்டி மோதியதன் பலனாக, 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகள் தடை செய்யப்பட்டன. ஸ்டீராய்டையும் ஆன்டிபயாடிக்கையும் பூஞ்சைக்கொல்லியையும் ஒரே ட்யூபில் கலந்த களிம்புகளும் அவற்றில் அடக்கம். சட்டம் வந்துவிட்டது. ஆனால் சீட்டைக் கேட்கும் பழக்கம் சட்டத்தோடு சேர்ந்து வந்துவிடவில்லை. எனவே வாங்குபவரே ட்யூபின் பின்பக்கம் உள்ள பொடி எழுத்தைப் படிப்பது உத்தமம். பீட்டாமெதசோன், பெக்லோமெதசோன், மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன், குளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது பருவுக்கான மருந்தில்லை.

அப்படியானால் பருவுக்கான மருந்து எது?

மயிர்க்கால் ஒவ்வொன்றோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. பூப்பெய்தும் வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் அதைத் தூண்டுகின்றன, எண்ணெய் பெருகுகிறது. மயிர்க்காலின் வாயில் செத்த செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு அடைக்கின்றன. உள்ளே வழக்கமாகக் குடியிருக்கும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது. உடம்பு அதை எதிர்த்து வீங்குகிறது. எண்ணெய், அடைப்பு, பாக்டீரியா, அழற்சி என்ற இந்த நான்கில் எதையாவது திருத்தாத எந்தப் பூச்சும் பருவை நிறுத்தாது. 12 முதல் 24 வயதுக்குள் 100-க்கு 85 பேருக்கு இது வந்துபோகும் என்பது பாடநூல் கணக்கு.

கண்ணுக்குத் தெரியாத அடைப்பிலிருந்து சீழ்ப்பரு ஆவதற்கு வாரங்கள் பிடிக்கும். இன்று முகத்தில் தெரியும் பருவின் விதை போன மாதமே விழுந்துவிட்டது. உண்மையான பரு மருந்துக்கு 8 முதல் 12 வாரம் ஆவது இதனால்தான். பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-ல் தந்த வழிகாட்டி, எந்தச் சிகிச்சையையும் 12 வாரம் கொடுத்துப் பார்த்த பிறகே எடைபோடச் சொல்கிறது. இங்கோ பத்தாம் நாளே கட்சி மாறிவிடுகிறார்கள். நான்கு மாதத்தில் நான்கு களிம்பு மாற்றியவரின் பரு அடங்காத பரு இல்லை. அதற்கு இன்னும் வைத்தியமே ஆரம்பிக்கவில்லை.

முதல் வரிசை மருந்துகள் பழையவை, விலை குறைந்தவை. பென்சாயில் பெராக்சைடு உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆக்சிஜனை வெளியிட்டு பாக்டீரியாவைக் கொல்வதால் அதற்கு எதிராக பாக்டீரியா பழகிக்கொள்வதில்லை. வீரியம் கூடினால் பலனும் கூடும் என்ற எண்ணம் இங்கே செல்லாது: 2.5, 5, 10 சதவீத ஜெல்களை ஒப்பிட்டு 1986-ல் வந்த ஆய்வில் வீக்கப் பருவைக் குறைப்பதில் மூன்றும் ஏறக்குறைய சமம். எரிச்சல் மட்டும் 10 சதவீத ஜெல்லில் அதிகம். தலையணை உறையும் துண்டும் திட்டுத்திட்டாகச் சாயம் போகும் என்பதை முன்னாலேயே சொல்லிவிட்டால் வீட்டில் சண்டை வராது.

நெல்லைக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. பென்சாயில் பெராக்சைடு சூட்டில் சிதைந்து பென்சீன் என்ற புற்றுநோய்க் காரணியைச் சிறிதளவு உருவாக்கக்கூடும் என்று அமெரிக்காவில் 2024-ல் சர்ச்சை எழுந்தது. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 95 தயாரிப்புகளைச் சோதித்து, 90 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் பென்சீன் இல்லை, அல்லது மிகமிகக் குறைவு என்று 2025 மார்ச்சில் அறிவித்தது. சில மட்டும் திரும்பப் பெறப்பட்டன. மருந்தைக் கைவிட இது காரணமாகாது. ஆனால் கத்திரி வெயிலில் பாளையங்கோட்டை 40 டிகிரியைத் தொடும்போது, பைக்கின் சீட்டுக்கடியில் ட்யூபைப் போட்டுவைப்பதற்கு இது நிச்சயமாக எதிரான காரணம்.

இரண்டாவது, வைட்டமின் ஏ குடும்பத்து ரெட்டினாய்டுகள். அடைப்பையே அவிழ்ப்பவை இவைதான். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன் 1969-ல் ட்ரெட்டினாயின் பருவைத் தணிப்பதை எழுதினார். 1971-ல் அதற்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது. ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோலில் அவர் நடத்திய சோதனைகளுக்காக அந்தப் பல்கலைக்கழகம் 2021-ல் மன்னிப்புக் கேட்டது என்பது இந்த வரலாற்றின் கறுப்புப் பக்கம். இன்று அதிகம் எழுதப்படுவது எரிச்சல் குறைந்த அடாபலீன். பழைய ட்ரெட்டினாயின் ஜெல்கள் பென்சாயில் பெராக்சைடு பட்டால் கெடும், அடாபலீன் கெடாது. அதனால் இரண்டும் ஒரே ட்யூபில் வருகின்றன.

தடவும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பதுபோல் வைத்தால், அடுத்த பரு பக்கத்தில் வரும். பட்டாணி அளவு எடுத்து, பரு வரும் பகுதி முழுக்க மெல்லியதாக, இரவில் பூச வேண்டும். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். தோல் உரியும், சிலருக்குப் பரு சற்றுக் கூடுவதுபோலவும் தோன்றும். அந்த இடத்தில்தான் பாதிப்பேர் ட்யூபைத் தூக்கிப்போடுகிறார்கள். கர்ப்பிணிகள் ரெட்டினாய்டு பூசக்கூடாது. அவர்களுக்கு அசெலாயிக் அமிலம் உண்டு. அது பரு விட்டுச்செல்லும் கரும்புள்ளியையும் மங்கச்செய்யும் என்பது நம் நிறத்துக்குக் கூடுதல் லாபம்.

ஆன்டிபயாடிக் கதை வேறு. வாரத்தில் மூன்று நாள் அசித்ரோமைசின் என்ற முறை இந்தியாவில் வெகுவாகப் பரவியது. கூடவே கிளிண்டாமைசின் ஜெல்லைத் தனியாக மாதக்கணக்கில் பூசும் வழக்கமும் பரவியது. விளைவு, டில்லியில் பரு நோயாளிகளிடமிருந்து எடுத்த பாக்டீரியாக்களைச் சோதித்த 2016 ஆய்வில் பெரும்பாலானவை அசித்ரோமைசின், எரித்ரோமைசின், கிளிண்டாமைசின் மூன்றுக்கும் மசியவில்லை. அசித்ரோமைசின் நிமோனியாவுக்கும் டைபாய்டுக்கும் வேண்டிய மருந்து. அதைப் பருவில் செலவழிப்பது வீட்டு விதைநெல்லைப் பொரித்துத் தின்பது போன்றது. மாத்திரை அவசியமென்றால் டாக்சிசைக்ளினே இப்போது முதல் தேர்வு. அதுவும் மூன்று நான்கு மாதத்துக்கு மேல் போகாமல், பென்சாயில் பெராக்சைடு பூச்சின் துணையோடு. தண்ணீரின்றி விழுங்கிவிட்டு உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோல் சட்டென்று கன்றும். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் உடம்பில் ஏறாது.

இத்தனைக்கும் அடங்காத கட்டிப் பருவுக்கு, ஆறினால் குழி விழும் பருவுக்கு, ஐசோட்ரெட்டினாயின் இருக்கிறது. கேரி பெக் தலைமையில் 1979-ல் வெளியான முதல் அறிக்கையில், வேறெதற்கும் அடங்காத பரு கொண்ட 14 பேருக்கு நான்கு மாதம் கொடுத்தார்கள். 13 பேருக்கு முழுவதும் மறைந்தது, மருந்தை நிறுத்திய பின்பும் திரும்பவில்லை. பருவின் நான்கு காரணங்களையும் ஒருசேரத் தொடும் மருந்து இன்றுவரை இது ஒன்றுதான். வழக்கமான மொத்த அளவு உடல் எடையில் கிலோவுக்கு 120 முதல் 150 மில்லிகிராம். 50 கிலோ எடையுள்ளவர் நாளுக்கு 25 மில்லிகிராம் எடுத்தால் எட்டிலிருந்து பத்து மாதம் ஆகும். இந்திய மருத்துவர்கள் பலர் நடுத்தரப் பருவுக்கு இன்னும் குறைந்த அளவில் கொடுக்கிறார்கள். எண்ணெய் கலந்த சாப்பாட்டோடு எடுத்தால் நன்றாக ஏறும். உதடு வெடிக்கும், மூக்கு வறளும். இடையில் கொழுப்பும் ஈரல் நொதிகளும் சோதிக்கப்பட வேண்டும். டாக்சிசைக்ளினோடு சேர்த்துப் போட்டால் மூளையைச் சுற்றி அழுத்தம் கூடும் ஆபத்து உண்டு. மனச்சோர்வு பற்றிய பயம் பெரிது. ஆனால் பெருந்தொகையினரை ஆராய்ந்தபோது மனச்சோர்வில் பொதுவான ஏற்றம் தெரியவில்லை. இருந்தாலும் மனநிலை மாறினால் மருத்துவரிடம் சொல்வது அவசியம்.

இந்த மருந்தின் மிகக் கொடிய முகம் கருவைச் சிதைப்பது. மூளை, இதயம், காது என்று பிறவிக் குறைகள் வரும். அமெரிக்காவில் 2006 முதல் பதிவு செய்யாமல் யாருக்கும் இது கிடைக்காது. நம் ஊரில் அந்தக் காவல் மருத்துவரின் பேச்சில் மட்டுமே இருக்கிறது. பெண்ணுக்குக் கல்யாணத் தேதி குறித்த பிறகு “ரெண்டு மாசத்துல முகம் பளிச்சுன்னு ஆகணும்” என்று தாயும் மகளும் வந்து உட்காருவது இங்கே அன்றாடக் காட்சி. அந்த இரண்டு மாதத்தில் ஐசோட்ரெட்டினாயின் ஆரம்பித்தால் மணமான பின்னும் மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும். கடைசி மாத்திரைக்குப் பின் குறைந்தது ஒரு மாதமாவது கருத்தரிக்கக் கூடாது. கல்யாணம், கருத்தடை பற்றித் தாயின் முன்னால் அந்தப் பெண்ணிடம் கேட்க மருத்துவர் தயங்கினால், கேட்கப்படாத கேள்விக்கு ஒரு குழந்தை விலை கொடுக்கும். தேதி நெருங்கிவிட்டால், பெரிய கட்டிப் பரு ஒன்றிரண்டுக்குள் மருத்துவரே நீர்த்த ஸ்டீராய்டை ஊசியால் செலுத்துவார். அது சில நாளில் அமுக்கும். ஸ்டீராய்டுக்குப் பருவில் நியாயமான இடம் அநேகமாக அது ஒன்றுதான்.

மருந்து சரியாக இருந்தும் பரு போகாதபோது, அது பருதானா என்று கேட்க வேண்டும். நெற்றியிலும் மார்பிலும் ஒரே அளவில் அரிக்கும் சிறு கொப்புளங்கள் மலாசீசியா என்ற பூஞ்சையின் வேலையாக இருக்கலாம். வியர்வையில் அது கொழிக்கும், ஆன்டிபயாடிக் கொடுத்தால் கூடும். இரண்டாம் உலகப் போரில் வெப்பமண்டலத்துக்கு அனுப்பப்பட்ட படைவீரர்களுக்கு முதுகு முழுக்கப் பெரும் பருக்கள் வந்ததும், குளிர்ந்த இடத்துக்கு மாற்றியதும் தணிந்ததும் மருத்துவ நூல்களில் இருக்கிறது. ‘உடம்புச் சூடு’ என்று ஆச்சிமார் சொல்வதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. தலையில் வழிய வழியத் தேய்த்த எண்ணெய் நெற்றிக்கு இறங்கினால் அங்கே வரிசையாகக் கரும்புள்ளி அடைப்புகள் வரும். காசநோய் மாத்திரைகளில் ஐசோனியாசிட், வலிப்பு மாத்திரைகளில் ஃபெனிடாயின், ‘சத்து ஊசி’யாகப் போடும் பி12, ஜிம்மில் ரகசியமாக ஏற்றும் அனபாலிக் ஸ்டீராய்டு எல்லாமே பருவைக் கிளப்பும். 25 வயதுக்கு மேல் தாடையோரம் விடாமல் பரு வரும் பெண்ணுக்கு மாதவிலக்கும் தப்பினால் பிசிஓஎஸ் எனும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இப்படிப்பட்ட பெண்களுக்கு ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை கைகொடுக்கும்; 410 பெண்களிடம் நடந்து 2023-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 12-ஆம் வாரத்தைவிட 24-ஆம் வாரத்தில் பலன் தெளிவாகத் தெரிந்தது. இங்கும் பொறுமைதான் தேவை.

அல்வா சாப்பிட்டால் பரு வருமா என்று நெல்லையில் கேட்காமல் இருக்க மாட்டார்கள். சர்க்கரையை வேகமாக ஏற்றும் உணவைக் குறைத்த ஆஸ்திரேலிய இளைஞர்களுக்கு 12 வாரத்தில் பரு குறைந்ததை 2007-ல் காட்டினார்கள். ஆனால் பங்கெடுத்தவர் 43 பேர்தான். பால், வே புரோட்டீன் மீதும் ஓரளவு சந்தேகம் உண்டு. நெய்யைவிடச் சர்க்கரைதான் சந்தேகத்துக்குரியது என்று சொல்லலாம். தீபாவளிக்குக் கால் கிலோ அல்வா தின்றவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இந்த ஆதாரம் போதாது.

வீட்டு வைத்தியங்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. சங்கை உரைத்துப் பூசினால் அது எண்ணெயை உறிஞ்சி அந்தப் பருவைக் காயவைக்கும். புதிது வருவதைத் தடுக்காது. ஜாதிக்காய் உரைத்துப் போடுவது பலருக்கு எரிந்து கரும்படலம் விட்டுப்போகும். எலுமிச்சைச் சாறு பூசிக்கொண்டு நெல்லை வெயிலில் இறங்குவது தோலைச் சுட்டுக்கொள்ளும் வழி. டூத்பேஸ்ட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். தாவரப் பொருள்களில் நல்ல சான்று உள்ளது டீ ட்ரீ எண்ணெய்: 124 பேரிடம் நடந்த 1990 ஆஸ்திரேலிய ஆய்வில் 5 சதவீத ஜெல் மெதுவாக என்றாலும் பருவைக் குறைத்தது. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சித்த வைத்தியம் வேண்டுவோர் பட்டம் பெற்ற மருத்துவரிடம் போகலாம். சீசாவில் பெயரும் சேர்மானமும் இல்லாத ‘மூலிகை கிரீம்’ எந்த மரபுக்கும் சொந்தமில்லை.

அப்படிப்பட்ட சீசாக்களின் விலை செங்கோட்டை மலைக்கு அப்பால், கேரளத்தில் தெரிந்தது. மலப்புறம் மாவட்டம் கோட்டக்கலில் ஒரு மருத்துவமனையில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரகத்தில் புரதம் ஒழுகும் நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். 15 பேரிடம் அபூர்வமான ஒரு வகை தென்பட்டது. அவர்களில் 13 பேர் நிறம் கூட்டும் கிரீம் பூசியவர்கள். அந்தக் கிரீம்களில் பாதரசம். பரு போன பின் மிஞ்சும் கறுப்பை ‘வெளுக்க’ வைக்கும் ஆசைதான் பருக்காரர்களை இந்தச் சந்தைக்குத் தள்ளுகிறது. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த கிரீமின் வரலாறும் அப்படித்தான்: மங்குவுக்காக 1975-ல் அதே கிளிக்மன் வகுத்த கலவை அது, இந்தியாவில் அதன் சாயல்கள் அன்றாட முகப்பூச்சாக மாறின. பருவின் கறுப்பு தானாகவே மாதங்களில் மங்கும். வெயில் படாமல் காக்கும் சன்ஸ்கிரீனும், ஏற்கெனவே பூசும் அடாபலீனும் அதைத் துரிதப்படுத்தும்.

களிம்பால் பெரிதாக ஆற்ற முடியாதது குழித்தழும்பு. அதனால்தான் தழும்பு விழும் பருவுக்குப் பொறுமை காட்டக்கூடாது, சீக்கிரமே வலுவான சிகிச்சைக்குப் போக வேண்டும் என்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகத்தின் 2024 வழிகாட்டி. 1965-ல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி, ஊர்வாயில் ‘ஹைகிரவுண்ட்’, ஓபி சீட்டோடு இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய இடம். விழுந்த குழிக்கு வகை பார்த்து வைத்தியம்: ஊசி குத்தியதுபோன்ற ஆழக்குழிக்கு அடர்த்தியான ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தைத் துளியாக வைப்பது, அடியில் கட்டிப்போட்டிருக்கும் நாரை ஊசியால் அறுத்துவிடுவது, நுண்ணூசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீட்லிங், லேசர். பரு முழுக்க அடங்கிய பிறகே இவற்றில் இறங்குவார்கள். ஐசோட்ரெட்டினாயின் முடித்து ஆறு மாதம் சும்மா இருக்க வேண்டும் என்ற பழைய விதியை 2017-ல் நிபுணர் குழு தளர்த்தியது. மைக்ரோநீட்லிங், அமிலத்தால் தோலை மேலோட்டமாக உரிக்கும் பீல் போன்றவற்றுக்கு இப்போது அத்தனை காத்திருப்பு கிடையாது. முகம் முழுதும் தோலைச் சீவியெடுக்கும் முறைகளுக்கு மட்டும் அந்த விதி இன்னும் நிற்கிறது.